முறத்துக்கும் கண்ணுக்கும் இடையே

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த கண்ணாடிக் கடையில் பரிசோதனை அறை என்று ஒன்று இருந்தது. அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கடையின் பின்பகுதியைப் பலகையால் தடுத்து, கதவுக்குப் பதிலாகப் பச்சைத் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்று கண்ணைக் காட்ட வருகிறவருக்கு. அதன் உயரத்தை ஏற்றலாம், இறக்கலாம். மற்றது கண்ணைப் பார்க்கிறவருக்கு. சாதாரண மர நாற்காலி. அதன் ஒரு கால் கொஞ்சம் குட்டை என்பதால் அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஆடுகிற நாற்காலிதான்.

புதுச்சேரியில் கண் பரிசோதனைக்கான டிப்ளமா படித்து முடித்திருந்தேன். கள்ளக்குறிச்சி அப்போது மாவட்டத் தலைநகரம் ஆகவில்லை. பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையில் இருந்த கண்ணாடிக் கடைகளில் ஓரளவு பெரியது இது. முதலாளிக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவருடைய அப்பா தொடங்கிய கடை. கண் பார்ப்பதையும் அவரிடமிருந்தே பழகியிருந்தார். என் சான்றிதழை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்தான். அதையும் ஒருமுறை பார்த்தார்.

"படிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா ஜனங்க என் மூஞ்சியப் பாத்துதாம்மா இந்தத் திரைக்குள்ள வர்றாங்க. நீ மொதல்ல பிரேம் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

அந்த 'அப்புறம்' ஒரு பொங்கலைத் தாண்டி, அடுத்த ஆடியையும் தாண்டிப் போயிற்று. நான் கவுண்டரில் நின்று பிரேம் காட்டினேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றுகூடச் சொல்லலாம். நிறத்தை வைத்து அடுக்கியிருந்த பிரேம்களை மூக்குப் பகுதியின் அகலத்தை வைத்து மாற்றி அடுக்கினேன். ஒருவர் கடைக்குள் நுழையும்போதே அவருக்கு எந்த வரிசை என்று எனக்குத் தெரிந்துவிடும். முதலாளி முதல் நாள் முணுமுணுத்தார். இரண்டாம் வாரம் நான் அடுக்கிய வரிசையிலிருந்தே எடுக்கத் தொடங்கினார். ஆனால் பச்சைத் திரைக்குள் யாராவது போகும்போதெல்லாம் என் காது அங்கேதான் இருக்கும். "இது நல்லா தெரியுதா, அது நல்லா தெரியுதா" என்று அவர் கேட்பதும், வந்தவர் தடுமாறுவதும் கேட்கும். நானாக இருந்தால் இப்போது எந்த வில்லையைப் போடுவேன் என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

மாலையில் வடக்கனந்தலில் இறங்கி வீட்டுக்குப் போனால் அம்மா காத்திருப்பாள். எங்களுடையது குத்தகை நிலம். என்னைப் படிக்க அனுப்பியதில் அவளுக்குப் பெருமை உண்டு. அதை ஒருநாளும் நேராகச் சொன்னதில்லை.

"இன்னாடி, இன்னிக்காவது உள்ள உட்டாரா?"

"இல்லம்மா."

"கண்ணாடி தொடைக்கறதுக்கா ரெண்டு வருஷம் படிச்ச? அத நான் என் முந்தானையிலயே தொடச்சிட்டுப் போயிருப்பனே."

சிரித்துவிட்டுச் சோற்றுக்கு உட்காருவேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் சிரிப்புக்குக் காரணம்.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். வெள்ளிமலைக்கும் உள்ளே தள்ளி இருக்கும் ஊர். அங்கே பெண்கள் குழுவுக்கு அவர்தான் தலைவி. நாற்பத்தைந்தைக் கடந்தவர், ஒல்லியான உடம்பு, பேச்சில் தயக்கம் கிடையாது. "எங்க ஊர்ல பாதிப் பேருக்குக் கிட்டத்துல இருக்கறது தெரியல. எல்லாரும் கீழ எறங்கி வர்றதுன்னா ஆவற காரியமா? நீங்க யாருனா ஒரு நாள் மேல வாங்களேன்" என்றார்.

முதலாளிக்கு வியாபாரம் பிடித்திருந்தது. மலைச்சாலைதான் பிடிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாவதைத் தாண்டுவதற்குள் அவருக்கு வாந்தி வந்துவிடும். இது கடைத்தெருவுக்கே தெரிந்த விஷயம். அந்தப் பெண் போனதும் கல்லாவில் விரலால் தட்டிக்கொண்டே யோசித்தார்.

"நீ போறியாம்மா?"

"போறேன் சார்."

"ஒழுங்கா முடிச்சிட்டு வந்தீன்னா அடுத்த மாசத்துலேர்ந்து உள்ள நீயே உக்காரு. நான் கல்லாவப் பாத்துக்கறேன்."

அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது ஒரே வரி: 'மலைக்குப் போகச் சொன்னார்.' நாற்காலியைப் பற்றி எழுதவில்லை. நடக்காத ஒன்றை எழுதிவைப்பது எனக்கு அப்போதும் பிடிக்காது.

வில்லைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். பல பவர்களில் வட்ட வில்லைகளை வரிசையாக அடுக்கிய மரப்பெட்டி அது. கூடவே ஒரு சோதனைப் பிரேம்; அதை முகத்தில் மாட்டிவிட்டு வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஊர்ப் பொதுக் கூடத்தில் உட்கார்ந்தேன். வந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதைக் கடந்த பெண்கள். அந்த வயதில் எல்லோருக்கும் வருகிற வெள்ளெழுத்துதான். வேறு கோளாறு அதிகம் இல்லை. பலருக்கு எழுத்துத் தெரியாது என்பதால், படிக்கும் அட்டைக்குப் பதில் ஊசியும் நூலும் கொடுத்தேன். கல்லூரியில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். புத்தகத்தைப் பிடிக்கும் தூரத்தில் ஊசியைப் பிடிக்கச் சொன்னேன். சரியான வில்லை விழுந்ததும் நூல் ஒரே தடவையில் உள்ளே போகும். "ஐயோ, ஓட்ட எம்மாம் பெரிசா இருக்குது!" என்று ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவரவருக்குப் பிடித்த பிரேமை அவரவரே எடுத்துக்கொண்டார்கள். நிறைந்த மனதோடு இறங்கினேன்.

கண்ணாடிகள் தயாரானதும் ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு ஒட்டி, மலைப் பேருந்தின் நடத்துநரிடம் கொடுத்தனுப்பினோம். அவர் எங்கள் கடைக்கு வழக்கமாக வருகிறவர்.

மாதம் முடியவில்லை. ஒருநாள் மாலை அதே நடத்துநர் கையில் ஒரு மஞ்சள் பையோடு கடைக்குள் வந்தார். பையைக் கவுண்டரில் வைத்தபோது உள்ளே கண்ணாடிகள் உரசும் சத்தம் கேட்டது.

"மேலேர்ந்து குடுத்து உட்டாங்க. ஒண்ணுமே தெரியலையாம்."

முதலாளி பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினார். போட்டவற்றில் முக்கால்வாசி திரும்பியிருந்தது. அப்போது கடையில் ஒரு வாடிக்கையாளர் வேறு இருந்தார்.

"பாத்தீங்களா சார்" என்று முதலாளி அவரிடம் சொன்னார். "டிப்ளமா கண்ணாடி. மலையேறிப் போயி சுத்திப் பாத்துட்டு, எறங்கி வந்துடுச்சி."

முதலாளி ஒவ்வொரு கண்ணாடியின் பவரையும் கருவியில் வைத்துப் பார்த்தார். நான் எழுதிக் கொடுத்ததுதான் எல்லாவற்றிலும் இருந்தது. அதாவது வில்லை தேய்த்ததில் பிழை இல்லை. "அப்ப எழுதினதுதாம்மா தப்பு" என்றார், இந்த முறை கேலி இல்லாமல். அதுதான் அதிகம் வலித்தது. "போயி சரி பண்ணிக்கினு வா. இல்லன்னா நீ கவுண்டரோடயே இருந்துடு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, என் விடுமுறை நாளில், மறுபடி மலையேறினேன். வில்லைப் பெட்டியின் கொக்கி உடைந்துவிட்டதால் ஒரு வெள்ளை நாடாவால் சுற்றிக் கட்டி மடியில் வைத்திருந்தேன். திரும்பி வந்த கண்ணாடிகளும் அதே மஞ்சள் பையில் கூட இருந்தன. மழை பெய்தது. கச்சிராயபாளையத்திலேயே தொடங்கியதா, மலையடிவாரத்திலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "இந்த வாட்டி பை கொஞ்சம் கம்மியா வருமா?" என்றார்.

"பையே வராது."

"வந்தா நல்லதுதான். காலிப் பஸ்ஸுல அத்தினி கண்ணாடியும் சலசலக்க, ஒரு கும்பல் ஏறின மாதிரி இருந்துச்சி."

குழுத் தலைவியின் வீட்டுக்குப் போனேன். அவர் சங்கடப்படவில்லை, என்னைப் பார்த்ததில் அவருக்கு மகிழ்ச்சிதான். "தோ, கண்ணாடிப் பொண்ணு வந்துடுச்சி" என்று அக்கம்பக்கத்தில் குரல் கொடுத்தார். முதலில் அவர் கண்ணையே மறுபடி பார்த்தேன். பொறுமையாக, ஆரம்பத்திலிருந்து. போன முறை வந்த அதே பவர்தான் வந்தது. ஊசியைக் கொடுத்தேன். நூல் நேராக உள்ளே போயிற்று.

"இப்பத் தெரியுதில்லங்க?"

"தெரியுதே. நல்லாத் தெரியுது."

"அப்ப ஏன் திருப்பி அனுப்பினீங்க?"

"வேல செய்யறப்ப தெரியலியே, பாப்பா."

"என்ன வேலைங்க?"

"இன்னா வேலயா? எல்லா வேலயுந்தான்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வாசலில் நின்றபடி, "நாள் பூரா ஊசில நூலு கோத்துக்கினு இருக்க இவ இன்னா தையக்காரியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

எனக்குப் புரியவில்லை. பவர் சரி, வில்லை சரி, கண்ணில் வேறு நோயும் இல்லை. முதலாளியிடம் என்ன சொல்வேன் என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பால் இல்லாத காப்பி கொடுத்தார்கள். விருந்தாளி காப்பி குடிக்கும் நேரத்தில் சும்மா இருப்பானேன் என்று தலைவி தன் வேலையை எடுத்தார். சுவரில் சாய்ந்து கால்களை நீட்டினார். முழங்காலுக்குக் கீழே, முறத்தை வாட்டமாக வைத்துக்கொண்டார். முறத்தில் சாமை அரிசி. அதில் கல் பொறுக்க வேண்டும். சாமை எவ்வளவு சிறியது என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அதில் கிடக்கும் கல் அதைவிடச் சிறியது.

நான் இருக்கிறேனே என்ற மரியாதைக்காகக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். முறத்தைப் பார்த்தார். கொஞ்சம் குனிந்தார். இன்னும் குனிந்தார். நெற்றி முழங்காலைத் தொட்டுவிடும் போல இருந்தது.

"மாடு தண்ணி குடிக்கிற மாதிரி இருக்குதுடி" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

"முதுகு பேந்து போவுது" என்று நிமிர்ந்த தலைவி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு விரலாலேயே துழாவத் தொடங்கினார்.

நான் காப்பியைக் கீழே வைத்தேன்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் வேலை செய்யும். பவர் கூடினால் அந்தத் தூரம் கண்ணுக்கு நெருங்கி வரும். குறைந்தால் விலகிப் போகும். இது முதல் வருடப் பாடம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் தூரம் என்ன என்று யாரும் எங்களை யோசிக்கச் சொன்னதில்லை. அது புத்தகத்தின் தூரம் என்று எல்லோருக்கும் தெரியும். அச்சிட்டு வந்த அட்டைகளெல்லாம் கையில் புத்தகம் பிடித்திருக்கிறவருக்காகச் செய்தவை. நான் ஊசியை மாற்றினேனே தவிர, தூரத்தை மாற்றவில்லை. இந்த ஊரில் கண் தெரியாதது எதற்கு இடைஞ்சல் என்று கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை; கண்ணாடி சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

அளக்க என்னிடம் எதுவும் இல்லை. பெட்டியைக் கட்டியிருந்த நாடாவை அவிழ்த்தேன். ஒரு முனையை அவருடைய கன்னத்து எலும்பில் வைத்து, மறு பக்கத்தை முறம் வரைக்கும் இழுத்து, அங்கே ஒரு முடிச்சுப் போட்டேன். நான் ஊசி பிடிக்கச் சொன்ன தூரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேலே இருந்தது.

"இன்னா பாப்பா, ரவிக்கைக்கு அளவு எடுக்கறியா?"

"கொஞ்சம் ஆடாம இருங்க."

சோதனைப் பிரேமை மாட்டிவிட்டு, பவரைக் கால் காலாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். தெரிகிறதா என்று கேட்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்தேன். முதலில் துழாவிக்கொண்டிருந்தன. ஒரு வில்லை மாற்றினேன், கொஞ்சம் நின்றன. இன்னொன்று மாற்றினேன். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் நேராகப் போய் ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தன. அடுத்தது. அதற்கடுத்தது. அவர் குனியவே இல்லை. நான் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதையும் மறந்துவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில், அவரவர் உட்காரும் இடத்தில், அவரவர் முறத்தோடு பார்த்தேன். நாடாவில் முடிச்சுகள் கூடிக்கொண்டே போயின. உயரமானவருக்கு ஒரு முடிச்சு, குள்ளமானவருக்கு ஒரு முடிச்சு. ஒருவர் மட்டும் துணி தைக்கிறவர். அவருக்குப் பழைய கண்ணாடியே சரியாக இருந்தது, அதைத் திருப்பி அனுப்பியும் இருக்கவில்லை. கடைசியாக இரண்டு பேர். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். அவர்களும் கண்ணாடியைத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்தார்கள்; ஆனால் அது முறத்திலும் சரிவரவில்லை, ஊசியிலும் சரிவரவில்லை. கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

"இது உங்களுது இல்லையே?"

"இல்லதான். எடுக்கறப்ப புடிச்சிது, போட்டப்புறம் அவளுக்குக் கருப்பு புடிக்கல. எனக்கு அரக்கு கலரு புடிக்கல. அதான் மாத்திக்கினோம்."

"கண்ணாடியையா மாத்திக்கிட்டீங்க?"

"பின்ன, மூஞ்சியவா மாத்திக்க முடியும்?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவருக்கும் முறத்துக்கான வில்லையை, பிடித்த நிறத்திலேயே போட்டுத் தருவதாகச் சொன்னேன்.

முதலாளி நான் சொன்னதை முழுதும் கேட்டார். நம்பவில்லை. "வெள்ளெழுத்துக்குப் போயி பவரக் கம்மி பண்ணுவாங்களா? இத்தினி வருஷத்துல நான் கேள்விப்பட்டதே இல்ல." நாடாவை எடுத்துக் கவுண்டரில் நீட்டி வைத்தேன். அவர் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு வில்லைகளைத் தேய்க்கக் கொடுத்தார். புதிய கண்ணாடிகள் பேருந்தில் ஏறின.

நான் காத்திருந்தேன். மலைப் பேருந்து மாலையில் எங்கள் கடையைத் தாண்டித்தான் நிலையத்துக்குள் போகும். நடத்துநர் படிக்கட்டில் நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார், ஒன்றும் இல்லை என்று. மறுநாளும் விரித்துக் காட்டுவார். அந்த மாதம் முழுக்க அது எங்களுக்குள் ஒரு வணக்கம் போல ஆகிவிட்டது.

பை வரவில்லை. நாற்காலியும் வரவில்லை. அடுத்த மாதம் பிறந்தது. முதலாளி வழக்கம்போல் திரைக்குள் போனார். நான் பிரேம் காட்டினேன். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. அவ்வளவு காலம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்கினால் அவர் பார்வையில் அது கடனாகவே இருக்கும் என்று தோன்றியது.

ஒரு சந்தை நாளில் குழுத் தலைவி இன்னும் சில பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள். எல்லோருக்கும் கண் பார்க்க வேண்டும் என்று பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முதலாளி திரையை விலக்கிப் பிடித்துக்கொண்டு, "வாங்க, வாங்க, உள்ள வாங்க" என்றார்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"நாடா வெச்சி அளக்கற பொண்ணு பாக்காதா?" என்றார் தலைவி.

"அது பிரேம் காட்டற பொண்ணும்மா. கண்ணு நான்தான் பாக்கறது."

"நீங்க எங்க முறத்தப் பாத்திருக்கீங்களா?"

"இல்ல…"

"அது பாத்துது. நாங்க இருந்து காட்டிட்டுப் போறோம், ஒண்ணும் அவசரமில்ல." சொல்லிவிட்டுப் பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மற்றவர்களும் தங்கள் பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டார்கள்.

முதலாளி திரையைப் பிடித்தபடியே பெஞ்சில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அதை ஓரமாக முழுக்கத் தள்ளிவிட்டு வெளியே வந்தார். கல்லாவுக்குப் போகும் வழியில் என்னிடம், "போம்மா. உன் ஆளுங்க" என்றார். சிரிக்கவில்லை, ஆனால் குரலில் மனத்தாங்கலும் இல்லை. நான் உள்ளே போய் மர நாற்காலியில் உட்கார்ந்தேன். அது ஆடியது. அட்டையை இன்னொரு மடிப்பு மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். முதலில் வந்தவரிடம் கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. "என்ன வேலைங்க செய்யறீங்க? எங்க வெச்சி செய்வீங்க?" என்று கேட்டேன். புளியங்கொட்டை எடுக்கிற வேலை என்றார், எப்படி உட்காருவார் என்று நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கிக் காட்டினார்.

அன்று வீட்டுக்குப் போனபோது அம்மா அடுப்பங்கரை வாசலில் இருந்தாள்.

"இன்னாடி, இன்னிக்காவது உள்ள உட்டாரா?"

"உட்டாரும்மா. சாயந்தரம் வரைக்கும் நான்தான் பாத்தேன்."

"சரி, நின்னுக்கினு இருந்தவ உக்காந்துட்ட. நல்லது. வா, இந்த அரிசியில கல்லுப் பொறுக்கிக் குடு, எனக்குச் சரியாத் தெரியல" என்று முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

அவள் எவ்வளவு நாளாக அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று யோசித்தேன். நானும் எவ்வளவு நாளாக முறத்தை வாங்கிப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முறத்தை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.

"நீயே வெச்சிக்க. எப்பவும் எப்படி உக்காருவியோ அப்படி உக்காரு."

"எதுக்குடி?"

பையிலிருந்து நாடாவை எடுத்தேன்.

இப்போது எனக்கு அதே சாலையில், கொஞ்சம் தள்ளி, சொந்தக் கடை இருக்கிறது. அளக்க நல்ல அளவுநாடா வைத்திருக்கிறேன். ஆட்சியர் அலுவலகத்திலிருந்து கணினி பார்க்கிறவர்கள் வருகிறார்கள். அவர்களிடமும் அதே கேள்விதான், எங்கே வைத்துப் பார்ப்பீர்கள் என்று. பதில் சொல்வதற்கு முன்னால் எல்லோருமே கையை நீட்டிக் காட்டுவார்கள். அம்மா மூன்றாவது கண்ணாடிக்கு வந்துவிட்டாள். அதை இன்றைக்கும் முந்தானையில்தான் துடைக்கிறாள். கீறல் விழும் என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.